யப்பானிய அனிமேத் தொடர்களும் கொழும்புத் தமிழ்ச் சிறுவரும்: ஒளிபரப்பு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒரு நாட்டின் கலைப்பொருள் மற்றொரு நாட்டை அடையும்போது, அது எவ்வழியால் வந்தது, எவர் கைமாறி வந்தது, எம்மொழியில் வந்தது என்னும் மூன்று வினாக்களும் ஒருங்கே எழுகின்றன. யப்பானில் உருவாகிய தொலைக்காட்சி அனிமேத் தொடர்களைப் பொறுத்தவரை இவ்வினாக்களைக் கொழும்பில் நின்று எழுப்புதல் பயனுடைத்து. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்ச் சிறுவர் இன்று டொரேமொனையும் நருட்டோவையும் தம் அயல்வீட்டுத் தோழரைப் போல அறிவர். ஆயின் அத்தோழர் பேசும் தமிழ் கொழும்பின் தமிழுமன்று; யாழ்ப்பாணத்தின் தமிழுமன்று; மட்டக்களப்பின் தமிழுமன்று. இந்நிலை எவ்வாறு தோன்றிற்று என்பதை ஒளிபரப்பு வரலாற்றின் துணைகொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அனிமே என்னும் கலையின் தோற்றம்

அனிமே என்பது ‘அனிமேஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் யப்பானியக் குறுக்கமாகும். யப்பானில் அச்சொல் எந்நாட்டு அசையும் ஓவியப்படத்தையும் சுட்டும். பிறநாட்டார் வழக்கிலேயே அது யப்பானியப் படைப்புகளை மட்டும் குறிப்பதாயிற்று. தொலைக்காட்சி அனிமேயின் வரலாற்றை 1963ஆம் ஆண்டு யனவரி 1ஆந் திகதியிலிருந்து தொடங்குதல் மரபு. ஒசாமு தெசூக்கா தமது முஷி நிறுவனத்தின் மூலம் தயாரித்த ‘தெத்சுவான் அட்டொம்’ என்னும் தொடர், அன்றுதான் பூஜி தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கிற்று. பிறநாட்டார் அதனை ‘அஸ்ட்ரோ போய்’ என அறிவர். அதற்கு முன்னரும் யப்பானில் ஓவியப்படங்கள் இருந்தன. எனினும் வாரந்தோறும் அரைமணி நேரம் தொடர்ந்து வருவதொரு கதையை அளிக்க இயலும் என்பதை நிறுவியது இத்தொடரே.

அது எவ்வாறு இயன்றது என்பதை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். திரைப்படச் சுருளில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. இருபது நிமிடக் கதைக்கு 28,800 படங்கள் வேண்டும். ஒவ்வொன்றையும் புதிதாக வரைதல் வாரத்தொடரில் நடவாத செயல். ஆகவே ஓர் ஓவியத்தை மூன்று படங்களுக்கு நிறுத்திவைத்து, விநாடிக்கு எட்டு ஓவியங்களே போதும் என்னும் முறையைத் தெசூக்காவின் குழுவினர் கைக்கொண்டனர். அப்பொழுது வேண்டப்படுவன 9,600 ஓவியங்களாகக் குறைந்தன. உடல் அசையாது நிற்க வாயை மட்டும் அசைத்தல், ஒருமுறை வரைந்த காட்சியைச் சேமித்துவைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தல், அசையாத ஓவியத்தின்மீது கமராவை நகர்த்துதல் ஆகிய உத்திகளால் அத்தொகை மேலும் பன்மடங்கு குறைந்தது. வறுமையிற் பிறந்த இவ்வுத்திகளே பின்னாளில் அனிமேயின் நடையாக நிலைபெற்றன.

செலவு குறைந்தபோதிலும் தொலைக்காட்சி நிலையம் கொடுத்த விலை அதனை ஈடுசெய்யவில்லை. மெய்ஜி என்னும் இனிப்புப்பண்ட நிறுவனத்தின் விளம்பர ஆதரவும், கதாநாயகனின் உருவத்தைப் பொருள்களிற் பொறிக்கும் உரிமையால் வந்த பணமும், அமெரிக்க விற்பனையும் சேர்ந்தே தொடரைத் தாங்கின. 1963ஆம் ஆண்டிலேயே அமெரிக்க என்.பி.சி. நிறுவனத்தின் விற்பனைப் பிரிவு அதனை வாங்கி ஆங்கிலக் குரலுடன் அந்நாட்டு நிலையங்களுக்கு வழங்கிற்று. எனவே தொலைக்காட்சி அனிமே பிறந்த ஆண்டிலேயே கடல் கடந்தது எனலாம்.

இவ்வடித்தளத்தின்மீதே பிற்காலத் தொடர்கள் எழுந்தன. 1969ஆம் ஆண்டு ஒக்டோபரிற் தொடங்கிய ‘சசாயே-சான்’ என்னும் குடும்பத் தொடர் அரை நூற்றாண்டைக் கடந்தும் நிலைத்தது. 1974ஆம் ஆண்டில் இசாவோ தக்காஹத்தா இயக்கிய ‘ஹைடி’ 52 வாரங்கள் ஓடிற்று. அதே ஆண்டு ஒக்டோபரில் ஹைடிக்கு எதிராக ஒரே நேரத்தில் ஒளிபரப்பான ‘யமாத்தோ’ விண்கப்பல் தொடர் போதிய பார்வையாளரைப் பெறாது 26 பகுதிகளுடன் முடிந்தது. மறுஒளிபரப்பிலேயே அது புகழீட்டிற்று. 1979ஆம் ஆண்டின் ‘கண்டம்’ தொடரும் திட்டமிட்ட 52 பகுதிகளை எட்டாது 43 உடன் நிறுத்தப்பட்டது. பின்னர் அதன் பிளாத்திக்கு மாதிரிகளின் விற்பனை அதற்கு மறுவாழ்வு அளித்தது. அனிமேயின் ஆயுளைப் பார்வையாளர் தொகை மட்டுமன்றி விற்பனைப் பொருளும் நிருணயித்தது என்பதற்கு இவை சான்றாகும்.

பிறநாடுகளில் வரவேற்பும் ஐயமும்

1978ஆம் ஆண்டு யூலையில் பிரான்சில் ‘கோல்டோராக்’ என்னும் பெயரில் ஒளிபரப்பான இயந்திரமனிதத் தொடர் அந்நாட்டுச் சிறுவரை ஆட்கொண்டது. 1979ஆம் ஆண்டில் பிலிப்பைன்சில் மார்க்கோசின் அரசு ‘வோல்டஸ் வீ’ தொடரை, இறுதிப் பகுதிகள் எஞ்சியிருக்கும் வேளையில், தடைசெய்தது. 1980ஆம் ஆண்டு திசெம்பரில் சீனத்தின் மத்திய தொலைக்காட்சி தெசூக்காவின் அட்டொமை ஒளிபரப்பிற்று. சிறுவர் நிகழ்ச்சி என்று எளிதாக எண்ணப்பட்டது, அரசுகள் கருத்திற்கொள்ளும் பொருளாகிவிட்டமையை இங்கு அவதானிக்கலாம்.

சிறுவர் நலன் பற்றிய அச்சம் வீண்போனதுமன்று. 1997ஆம் ஆண்டு திசெம்பர் 16ஆந் திகதி ஒளிபரப்பான ‘பொக்கிமொன்’ பகுதியொன்றிற் சிவப்பும் நீலமும் மாறிமாறி விரைந்து மின்னியமையால், யப்பானெங்கும் ஏறத்தாழ 685 பேர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தொடர் நான்கு மாதங்கள் நிறுத்திவைக்கப்பட்டது. மின்னும் ஒளி பற்றிய விதிமுறைகளும் 1998ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. இன்று யப்பானியத் தொடர்களின் தொடக்கத்தில், அறையை வெளிச்சமாக வைத்துச் சற்றுத் தள்ளியிருந்து பார்க்குமாறு அறிவுறுத்தப்படுவது அந்நிகழ்வின் விளைவே.

அனிமே பல நாடுகளில் எளிதிற் குடிபுகுந்தமைக்கான காரணத்தை ஆய்வாளர் கொய்ச்சி இவபுச்சி, தோன்றிய நாட்டின் மணம் நீக்கப்பட்ட பண்டம் என்னும் கருத்தால் விளக்குவர். பாத்திரங்களின் முகமும் பெயரும் சூழலும் எந்நாட்டுக்கும் பொருந்துமாறு அமைவதால், குரலை மாற்றியதும் அவை உள்நாட்டார் போலாகிவிடுகின்றன. ஹைடி சுவிற்சலாந்துக் கதை. அதனை யப்பானியர் வரைந்தனர். ஐரோப்பியச் சிறுவரோ தம் மொழிக் குரலில் அதனைக் கண்டனர். நாட்டின் மணம் நீங்கிய பாத்திரத்திற்கு எஞ்சும் மணம் குரலின் மணமே என்பது இதனாற் பெறப்படும். ஆகவே குரலை எவர் கொடுக்கின்றனர் என்பது சிறு வினாவன்று.

இலங்கையில் தொலைக்காட்சியும் யப்பானின் பங்கும்

இலங்கையில் தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டு ஏப்பிரல் 13ஆந் திகதி சுயாதீனத் தொலைக்காட்சிச் சேவையுடன் தொடங்கிற்று. தனியார் முயற்சியாகப் பன்னிப்பிட்டியில் நிறுவப்பட்ட அது, கொழும்பையும் அண்டிய பகுதிகளையுமே சென்றடைந்தது. அதே ஆண்டு யூன் மாதத்தில் அரசு அதனைப் பொறுப்பேற்றது. நாடளாவிய ஒளிபரப்பு, 1982ஆம் ஆண்டு பெப்புருவரி 15ஆந் திகதி இலங்கை ரூபவாஹினிக் கூட்டுத்தாபனத்துடன் ஆரம்பமாயிற்று. சுதந்திர சதுக்கத்தருகே அமைந்த அதன் கலையகங்களும், பிதுருதாலகலை உச்சியில் நிறுவப்பட்ட ஒளிபரப்பு நிலையமும் யப்பானிய அரசின் நன்கொடையால் உருவானவை. எனவே வெள்ளவத்தையின் வீடொன்றில் 1982இற் தொலைக்காட்சிப் பெட்டி ஒளிர்ந்தபோது, அவ்வொளியை அனுப்பிய கருவிகள் யப்பான் தந்தவை. பெட்டியும் பெரும்பாலும் யப்பானியத் தயாரிப்பே. 

யப்பானிய நிகழ்ச்சிகளும் பின்தொடர்ந்து வந்தன. அவற்றுட் தலையாயது ‘ஒஷின்’. அது அனிமேயன்று; மனிதர் நடித்த நாடகம். 1983 ஏப்பிரலிலிருந்து 1984 மார்ச்சுவரை என்.எச்.கே. நிலையம் 297 பகுதிகளாக ஒளிபரப்பிய இத்தொடர், யப்பானில் சராசரி 52.6 வீதம் பார்வையாளரைப் பெற்றது. பின்னர் அறுபதிற்கும் மேற்பட்ட நாடுகளைச் சென்றடைந்தது. வளர்முக நாடுகளுக்கு யப்பான் அறக்கட்டளை போன்ற அமைப்புகளின் உதவியுடன் அது வழங்கப்பட்டது. இலங்கையில் ரூபவாஹினியில் ஒளிபரப்பாகி, ஒஷின் என்னும் பெயர் வீடுதோறும் வழங்கலாயிற்று.

ரூபவாஹினியின் மொழிமாற்றுக் கலையை வளர்த்தவர் திரைப்படத் தொகுப்பாளரும் நெறியாளருமான டைட்டஸ் தொட்டவத்த (1929–2011) ஆவார். 1956ஆம் ஆண்டின் ‘ரேகாவ’ படத்தின் தொகுப்பிற் பங்குகொண்ட அவர், சிறுவர் ஓவியப்படங்களுக்குச் சிங்களக் குரலூட்டியதோடு அமையவில்லை. பெயர், பாட்டு, பழமொழி, நகைச்சுவை அனைத்தையும் சிங்களக் கிராமத்தின் வழக்கில் வைத்துப் புனைந்தார். டாக்டர் டூலிட்டில் ‘தொஸ்தர ஹொந்தஹித்த’ ஆனார்; அமெரிக்கப் பூனையொன்று ‘பிஸ்ஸு பூஸா’ ஆயிற்று. யப்பானியர் கொடுத்த கலையகத்தில் அமெரிக்கப் பாத்திரங்கள் சிங்கள மண்ணின் மைந்தராகிய விந்தை அது. சிங்களச் சிறுவர் இரு தலைமுறையினர் அவற்றைத் தம் சொத்தாகவே கருதினர். சிங்களம் விளங்கிய தமிழ்ச் சிறுவரும் அவற்றைச் சிங்களத்திலேயே கண்டு மகிழ்ந்தனர்.

தமிழிற் குரல் எழாமை

தமிழில் இத்தகையதொரு மரபு ஏன் உருவாகவில்லை என்பதே நாம் எதிர்கொள்ள வேண்டிய வினா. குரல்வளம் இல்லாமை அதற்குக் காரணமன்று. 1925ஆம் ஆண்டிற் தொடங்கிய கொழும்பு வானொலி, பின்னர் இலங்கை வானொலியாக வளர்ந்து, தமிழ் நாடகத்திலும் அறிவிப்பிலும் தமிழகத்தாரும் செவிசாய்க்கும் தரத்தை எட்டியிருந்தது. ‘சானா’ எனப்பட்ட சண்முகநாதன் முதலானோர் வளர்த்த வானொலி நாடகம், யாழ்ப்பாணத்துப் பேச்சையும் மலையகத்துப் பேச்சையும் முஸ்லிம் மக்களின் பேச்சையும் வேறுபாடு தெரியுமாறு ஒலிக்கச்செய்தது. ‘கோமாளிகள்’ என்னும் வானொலித் தொடரின் நகைச்சுவை அப்பேச்சு வேறுபாடுகளிலேயே வேரூன்றியிருந்தது. அது 1976ஆம் ஆண்டிற் திரைப்படமாகவும் வெளிவந்தது. முகத்தைக் காணாது குரலால் மட்டும் பாத்திரத்தைப் படைக்கும் பயிற்சி கொழும்பில் நிறையவே இருந்தது. அப்பயிற்சியன்றோ ஓவியப்படத்திற்கு வேண்டப்படுவது!

காரணங்களை வேறிடத்திற் தேடவேண்டும். முதலாவது, ரூபவாஹினியின் ஒளிபரப்பு நேரத்திற் தமிழுக்குக் கிடைத்த பங்கு சிறிது. சிறுபங்கில் செய்தியும் கல்வியும் சமயமும் போக, செலவுமிக்க மொழிமாற்றத்திற்கு இடம் எஞ்சவில்லை. இரண்டாவது, ரூபவாஹினி தொடங்கி ஓராண்டும் சில மாதங்களும் கழிந்த நிலையில் 1983ஆம் ஆண்டு யூலை வன்செயல் நிகழ்ந்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழரின் இல்லங்களும் கடைகளும் எரியுண்டன. ஒரு தமிழ்க் கலைஞர் கூட்டம் தொலைக்காட்சிக்கென உருவாகியிருக்க வேண்டிய காலத்திற் பலர் புலம்பெயர்ந்தனர். மூன்றாவது, தமிழகத்திலிருந்து ஆயத்தமான நிகழ்ச்சிகளை வாங்குதல் இங்கே புதிதாகத் தயாரிப்பதினும் எளிதாயிற்று. 1998இற் தொடங்கிய சக்தி, ரூபவாஹினியின் தமிழ்ச் சேவையாகிய நேத்ரா, 2009இற் தொடங்கிய வசந்தம் ஆகியன தமிழுக்கு முழுநேர இடத்தை அளித்தபோது, அவ்விடத்தை நிரப்பத் தமிழகப் படங்களும் தொடர்களும் காத்திருந்தன.

இந்தியாவின் வழியே வந்த யப்பான்

இதற்கிடையில் அனிமே வேறொரு பாதையாற் கொழும்பை அடைந்தது. இந்தியாவில் தூர்தர்ஷன் 1993ஆம் ஆண்டில் ஹிந்திக் குரலுடன் ஒளிபரப்பிய ‘ஜங்கிள் புக்’, 1989இல் யப்பானின் நிப்பொன் அனிமேஷன் தயாரித்த 52 பகுதிகள் கொண்ட தொடராகும். பார்த்தவர்களுட் பலர் அதனை இந்தியத் தொடரென்றே எண்ணினர். மேலே கூறிய குரலின் மணத்திற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. 2004ஆம் ஆண்டு யூலையிற் தொடங்கிய அனிமாக்ஸ் அலைவரிசை இலங்கையையும் தன் எல்லைக்குள் கொண்டு 2017 ஏப்பிரல்வரை இயங்கிற்று. ஹங்காமா அலைவரிசையில் டொரேமொனும் ஷின்-ச்சானும் முதலில் ஹிந்தியிலும் பின்னர் தமிழிலும் தெலுங்கிலும் பேசத் தொடங்கினர். ஷின்-ச்சானின் குறும்பு சிறுவரைக் கெடுக்கின்றது என்னும் முறைப்பாட்டால் இந்திய அரசு அதனை 2008இல் நிறுத்தியதும், வெட்டித் திருத்திய வடிவில் அது 2009இல் மீண்டதும் அறியத்தக்கன. செய்மதி அலைவரிசைகளும் கேபிள் இணைப்பும் கொழும்பின் மாடிக்குடியிருப்புகளுக்கு வந்தபோது இத்தமிழ்க் குரல்களும் உடன்வந்தன. அண்மைக்காலத்தில் இணையவழிச் சேவைகளும் தமிழ்க் குரற்பதிவை மேற்கொண்டுள்ளன. 2025ஆம் ஆண்டு செப்டெம்பரில் ‘டீமன் ஸ்லேயர்’ திரைப்படம் இந்தியத் திரையரங்குகளில் தமிழிலும் வெளியாயிற்று.

தமிழகத்துக் கலைஞரின் இப்பணி பாராட்டுக்குரியது. அவர்கள் இன்றேல் தமிழ்ச் சிறுவருக்கு அனிமே ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ மட்டுமே கிடைத்திருக்கும். ஆயினும் இம்மொழிமாற்றம் பெரும்பாலும் யப்பானிய மூலத்திலிருந்து நேரே நிகழாது, ஆங்கிலத்தின் அல்லது ஹிந்தியின் வழியே நிகழ்வது. அதனால் நேரும் இழப்பு யாதென இனி நோக்குவோம்.

யப்பானிய மொழியும் தமிழும் வினையை வாக்கியத்தின் இறுதியில் வைப்பன. ஒட்டுகளை அடுக்கிப் பொருளை விரிப்பன. இவ்வொற்றுமையே சுசுமு ஒனோ (1919–2008) என்னும் அறிஞரை இருமொழிக்கும் உறவு காணத் தூண்டிற்று. அவரோடு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் இணைந்து ஆய்வு செய்தமை தமிழுலகம் அறிந்தது. இருமொழியும் ஒரே குடும்பத்தின என்னும் முடிபை மொழியியலாளர் பெரும்பாலார் ஏற்கவில்லை. அமைப்பொற்றுமையோ கண்கூடு. குரலூட்டுவோர்க்கு இது பெரும் வாய்ப்பு. இறுதிச்சொல்லில் திருப்பத்தை வைக்கும் யப்பானிய வசனம், அதே இடத்தில் திருப்பத்தை வைத்துத் தமிழாகலாம். ஆங்கிலத்தின் வழியே வரும்போது அத்திருப்பம் முன்னே ஓடிவிடுகின்றது. பாத்திரத்தின் முகம் மாறுமுன்னரே சொல் முடிந்துவிடுகின்றது.

விளிமுறையில் இழப்பு இன்னும் பெரிது. டொரேமொன் தொடரில் டொரேமொன் சிறுவனை ‘நோபித்தா-குன்’ என்பான். ஷிசூக்கா அவனை ‘நோபித்தா-சான்’ என மதிப்போடு அழைப்பாள். முரடனாகிய ஜயான் அடைமொழியின்றி வெறும் ‘நோபித்தா’ என்பான். மூன்று விளியில் மூன்று உறவுகள் அடங்கியுள்ளன. ஆங்கிலத்தில் இம்மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. அதிலிருந்து தமிழுக்கு வருவோர் உறவை மீண்டும் ஊகிக்க வேண்டியவராகின்றனர். ஈழத்துப் பேச்சுத்தமிழிலோ ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’ என்னும் மூன்று படிகளும் இன்றும் உயிரோடிருக்கின்றன. தமிழகத்தின் நாளாந்தப் பேச்சிற் பெரும்பாலும் அருகிவிட்ட ‘நீர்’ என்னும் இடைப்படி, நெருக்கமும் மதிப்பும் கலந்த உறவுக்கு இங்கே பயில்கின்றது. “நோபித்தா, நீர் ஏன் இன்னும் வரேல்லை?” என்று ஷிசூக்கா கேட்பின், மூலத்தின் நயம் ஏறத்தாழ முழுமையாகவே வந்துவிடும். மூத்தோரை அண்ணா, அக்கா எனவும் இளையோரைத் தம்பி, தங்கச்சி எனவும் உறவல்லாதார்க்கும் வழங்கும் எமது மரபும் யப்பானியரின் வழக்குக்கு அணித்தானதே.

எமது பொறுப்பு

மொழியை முன்னிட்டு எழுந்த கவலை எமக்கு மட்டும் உரியதன்று. 2013ஆம் ஆண்டில் வங்காளதேச அரசு, டொரேமொனைக் காணும் சிறுவர் ஹிந்தியிற் பேசத் தலைப்பட்டனர் என்னும் காரணத்தையும் காட்டி, அத்தொடரின் ஹிந்தி ஒளிபரப்பைத் தடைசெய்தது. எமது நிலை அதனின் வேறானது. எம் சிறுவர் கேட்பதும் தமிழே. தமிழகத் தமிழும் எமதே. தடையோ வெறுப்போ இங்கு மருந்தாகா. ஆயின் ஒரு சிறுவன் தான் வீட்டிற் பேசும் மொழி திரையில் ஒருபோதும் ஒலிக்கக் கேளானாயின், அது கதைக்கும் வீரத்துக்கும் கனவுக்கும் உதவாத மொழி, வீட்டுக்குள் ஒடுங்க வேண்டிய மொழி என்று எண்ணத் தலைப்படுவான். சிங்களச் சிறுவனுக்குத் தொட்டவத்த அளித்தது வெறும் பொழுதுபோக்கன்று. தன் கிராமத்துப் பேச்சு உலகக் கதைகளைத் தாங்கவல்லது என்னும் நம்பிக்கையையே அவர் அளித்தார். அந்நம்பிக்கை தமிழ்ச் சிறுவனுக்கும் உரியது.

செய்யத்தக்கன மூன்று. முதலாவது, வானொலி நாடகக் கலைஞருள் எஞ்சியுள்ளோரின் அனுபவங்களைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஒலிப்பதிவு செய்து பேண வேண்டும். அவர்தம் கலையே குரலூட்டலின் இலக்கணமாகும். இரண்டாவது, யப்பானியம் கற்கும் தமிழ் மாணவர், ஆங்கிலத்தின் துணையின்றி மூலத்திலிருந்து நேரே வசனம் ஆக்கப் பயிலல் வேண்டும். மூன்றாவது, பொதுப்பணத்தில் இயங்கும் தொலைக்காட்சிச் சேவைகள், தமிழ்ச் சிறுவர்க்கென ஆண்டுக்கு ஒரு தொடரையாயினும் இந்நாட்டுத் தமிழிற் குரலூட்ட முன்வர வேண்டும். இசையும் பின்னணி ஒலியும் தனித்தடத்தில் வழங்கப்படும் இந்நாளில், ஒரு சிறு கலையகமும் பயின்ற ஆறேழு குரல்களும் இப்பணிக்குப் போதும்.

1963இல் தெசூக்காவின் குழுவினர் போதிய பணமின்றி, விநாடிக்கு எட்டு ஓவியங்களே வரைந்து ஒரு கலையைத் தோற்றுவித்தனர். எமக்கு ஓவியம் வரையும் பணியும் இல்லை. வரைந்தவை ஆயத்தமாக உள்ளன. குரல் மட்டுமே வேண்டும். அக்குரல் கொழும்பில் இருந்தது, இன்றும் இருக்கின்றது.